புறங்கை

சவுரிராயன் எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார். வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக மடித்து, நகத்துக்கும் முதல் கணுவுக்கும் இடைப்பட்ட அந்தச் சின்ன இடத்தை, பூனை மூக்கை நீட்டுவதுபோல நீட்டுவார். ஒரு நொடி வைப்பார். எடுத்துவிடுவார். உள்ளங்கை அதற்குப் பிறகுதான் வரும். பால் சொசைட்டியின் இரும்புக் கேட்டுக்கும் அப்படித்தான், பஸ் கைப்பிடிக்கும் அப்படித்தான். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்குக் கைகொடுக்கும்போதுகூட, காய்ச்சல் பார்ப்பவர்போல ஒரு தொடுதல் தொட்டுவிட்டுத்தான் பிடித்துக் குலுக்குவார்.

பனமலை ஏரிக்கரைச் சாலையில் டிரான்ஸ்பார்மருக்கு நேர் எதிரே இருக்கிறது சொசைட்டி. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்சா, சவுரிராயனை அந்தப் பக்கத்து லைன்மேனாகப் பதினாறு வருடம் கண்டவள். காலையில் நாற்பது வீட்டுப் பாலையும் அளந்து, மிஷினில் வைத்துக் கொழுப்பு பார்த்து, வேன் ஏற்றி அனுப்பியபின், சாம்பிளுக்கு எடுத்ததில் மிஞ்சிய பாலில் டீ போடுவாள். எவர்சில்வர் டம்ளரில் நுரை தளும்ப நீட்டினால், சவுரிராயனின் விரல்கள் டம்ளரின் வயிற்றை ஒரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும்.

அவர் வந்த புதிதில் அம்சாவுக்கு இது சுருக்கென்று தைத்தது. சவுரிராயன் மாதா கோயில் தெருக்காரர். அந்தத் தெருவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்த கடைகளைப் பார்த்து வளர்ந்தவர். தன்னையும் அப்படித்தான் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் பொறுக்காமல் சொல்லியேவிட்டாள்.

"எல்லாருக்கும் ஒரே டம்ளருதான் லைன்மேன். தடவித் தடவிப் பாக்காதீங்க."

சவுரிராயன் சிரித்துவிட்டார். "டம்ளருக்கு இல்ல அம்சாம்மா. கைக்கு."

"கைக்கு இன்னா?"

"உள்ளங்கையில கரண்டு புடிச்சா வெரலு மடங்கிக்கும். கம்பிய வுடாது. புறங்கையில பட்டா கை தானா உள்ள இழுத்துக்கும். இதுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கி வச்சிருக்கேன். இப்ப இதுக்கு எது கம்பி, எது டம்ளருன்னு தெரியாது. எல்லாத்துக்கும் ஒரே மரியாதை."

அன்றிலிருந்து அவர் டம்ளரைத் தொட்டுப் பார்க்கும் அந்த ஒரு நொடிக்காக அம்சாவும் கையை எடுக்காமல் காத்திருக்கப் பழகினாள்.

குட்டையான ஆள். காக்கிச் சட்டையின் மேல்பொத்தானை ஒருநாளும் கழற்றமாட்டார். தோளில் ஒரு பச்சைக் கித்தான் பை. கம்பத்தில் ஏறுவதற்கு முன் டிரான்ஸ்பார்மருக்குப் போய், மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி அந்தப் பையில் போட்டுக்கொள்வார். மற்ற லைன்மேன்கள் கட்டைகளைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போவார்கள். யாராவது வழிப்போக்கன், "பீஸ் கழண்டு கெடக்குது" என்று பரோபகாரமாக மாட்டிவிட்டால் கம்பத்தில் இருப்பவன் கதை முடிந்தது. சவுரிராயன் ஏறும்போதும் இறங்கும்போதும் பீங்கான் கட்டைகள் பைக்குள் ஒன்றோடொன்று மோதி 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கும். கொலுசுச் சத்தம் கேட்டு ஆளை அறிவதுபோல, அந்தச் சத்தம் கேட்டே, கரண்ட் திரும்பும்போது கெடாமலிருக்க, அம்சா மிஷினை அணைத்துவிடுவாள்.

"மூணு கட்டையும் என் இடுப்புல இருக்கற வரைக்கும் எமன்கூட சுவிட்சு போட முடியாது" என்பார். "போடணும்னா மொதல்ல எங்கிட்ட வந்து கேக்கணும். கேட்டா நான் டீ குடிச்சிட்டுத் தர்றேன்னு சொல்லுவேன்."

கண் வேறு அவருக்குப் பருந்துக் கண். சொசைட்டி வாசலில்தான் பஸ் நிற்கும். ஏரிக்கரை வளைவில் ஒரு பஸ் புழுதியோடு தலைகாட்டும்போதே, "விழுப்புரம். ஏறாதவங்க உக்காருங்க. பின்னால வர்றதுதான் செஞ்சி" என்று சொல்லிவிடுவார். போர்டு இருக்கிற இடம்கூட மற்றவர்களுக்குத் தெரியாது. ஒருமுறை, "அந்த ஏழாவது கம்பத்துல மீன்கொத்தி உக்காந்துகினு இருக்குது பாரு. அதுக்குக் கீழ பீங்கான் கீறல் வுட்டிருக்கு" என்றார். அம்சாவுக்கு மீன்கொத்தியும் தெரியவில்லை, ஏழாவது கம்பமும் தெரியவில்லை.

ஊரில் அவரைப் பிடித்தவர்கள் குறைவு. காரணம் இருந்தது. புரட்டாசி பிறந்தால் அரிவாளோடு கிளம்பிவிடுவார். கம்பியைத் தொடுகிற புங்கங்கிளை, முருங்கை, வேம்பு எல்லாம் தரைக்கு வரும். முருங்கைக்காக ஒருத்தி மண்ணை வாரித் தூற்றியிருக்கிறாள். காற்று வரப்போகிறது என்று தெரிந்தால், அது வந்து சேர்வதற்கு முன்பே கரண்ட்டை இறக்கிவிடுவார். ஆபீஸிலிருந்து சொல்வதற்கு அரைமணி முந்தியே இறக்கிவிட்டுத் திட்டு வாங்கியதும் உண்டு. ஊர் அவருக்கு 'இருட்டுராயன்' என்று பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரை வைத்தது பச்சைமுத்து.

பச்சைமுத்துவுக்கு ஏரிப் பாசனத்தில் நாலு ஏக்கர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டால் பன்றி வந்து உழுதுவிட்டுப் போகிறது என்று, ராத்திரியானால் லைனில் கொக்கி மாட்டிக் கரண்ட்டை வேலிக்கம்பியில் விட்டுவிடுவார். பக்கத்து ஊரில் அப்படி விட்ட கம்பியில், விடியற்காலை தண்ணீர் கட்டப் போன ஒருவர் பன்றிக்குப் பதிலாகக் கிடந்தார். சவுரிராயன் அதன்பின் தினமும் காலையில் வரப்புகளில் ஒரு சுற்று நடப்பார். கொக்கி கிடைத்தால் புகார் எழுதமாட்டார். கம்பியைக் கழற்றி, வட்டமாகச் சுருட்டி, புடவைக்கடைக்காரன் மாதிரி மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து, நாற்பது பேர் பால் ஊற்ற நிற்கும் நேரத்தில் பச்சைமுத்துவிடம் நீட்டுவார்.

"கம்பத்துல மறந்துட்டு வந்துட்டீங்க போல. மழையில துருப்புடிச்சிடும். வச்சிக்கிங்க."

"அது என்து இல்ல" என்பார் பச்சைமுத்து.

"அப்ப பன்னியுதுதான். நீங்க பாத்தா குடுத்துடுங்க."

சொசைட்டி மொத்தமும் சிரிக்கும். ஆறு தடவை இப்படி நடந்தது. ஏழாவது தடவை பச்சைமுத்து வேலிக்கு முள் வெட்டிப் போட்டார். ஆனால் அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை.

அந்தக் கார்த்திகைப் புயல் வந்ததற்கு முந்தின சாயங்காலம், காற்றின் வாசம்கூட இல்லை. வானம் மட்டும் பழைய வெண்கலப் பாத்திரத்தின் உட்புறம் மாதிரி இருந்தது. சவுரிராயன் ஐந்து மணிக்கே டிரான்ஸ்பார்மரைத் திறந்து கட்டைகளைப் பிடுங்கிவிட்டார். பச்சைமுத்து வாசலிலிருந்தே கத்தினார்.

"இன்னாய்யா பேஜாரு உன்னோட? காத்து எங்க இருக்குது, காட்டு பாப்பம்!"

"வந்துகினே இருக்குது. வந்ததும் உங்களைப் பாக்கச் சொல்றேன்" என்றார் சவுரிராயன். பை 'டொக் டொக்' என்று அவரோடு போனது.

ஒன்றரை நாள் விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் புரண்டது. பதினோரு கம்பங்கள் சாய்ந்தன. மழை சற்று ஓய்ந்த காலையில் தெருவில் முழங்கால் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் நான்கு இடத்தில் மின்கம்பி அறுந்து கிடந்தது. ஊரே அதன்மேல் நடந்தது. பிள்ளைகள் அதன்மேல் நடந்து மீன் பிடித்தார்கள். அம்சா பால்கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தபோது காலில் ஏதோ கொடிபோலச் சுற்றியது. குனிந்து தூக்கிப் பார்த்தாள். கம்பி. சிறிதுநேரம் அதைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு வேலிமேல் ஒதுக்கிப் போட்டுவிட்டு வந்தாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசவில்லை. ஊரும் பேசவில்லை. ஊர் பேசியதெல்லாம், கரண்ட் எப்போது வரும் என்பதைத்தான்.

வயல் போய்விட்டது. மல்லாட்டை அழுகிவிட்டது. மிஞ்சியது மாடு. மாட்டுக்குப் புயல் தெரியாது. வேளைக்கு மடி கனத்துவிடும். ஆனால் கரண்ட் இல்லாமல் சொசைட்டி மிஷின் ஓடாது. மிஷின் சொல்லாத பாலை வேன்காரன் ஏற்றமாட்டான். நாலு நாளாக நாற்பது வீட்டுப் பாலும் வாய்க்காலில் ஊற்றப்பட்டது. தண்ணீரில் வெள்ளையாக ஒரு கோடு போவதை அம்சா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தாம் நாள் காலை, சாமியானாவும் ஜென்செட்டும் வாடகைக்கு விடும் தன் கொழுந்தன் செல்வகுமாரை வரச்சொன்னாள்.

செல்வகுமார் ஜென்செட்டை வாசலில் வைத்துக் கிளப்பினான். கல்யாணப் பந்தலில் அவன் வழக்கமாகச் செய்கிற சுருக்குவழி ஒன்று உண்டு. ஒரு வயரின் இரண்டு முனையிலும் பின் வைத்துக் கட்டியிருப்பான். ஒரு முனையை ஜென்செட்டில் சொருகி, மறுமுனையைச் சுவரில் உள்ள பிளக்கில் சொருகினால் போதும். வீட்டு வயரிங் முழுக்கக் கரண்ட் வந்துவிடும். ஆனால் அதற்கு முன் மெயின் சுவிட்ச்சை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டி, வந்த வழியே வெளியே ஓடிக் கம்பத்துக்கு ஏறிவிடும். செல்வகுமார் வாசலில் நின்று, "அண்ணி, சொருகு!" என்று கத்தினான். அம்சா சொருகினாள். மெயினை யாரும் நினைக்கவில்லை.

ஃபேன் சுற்றியது. மிஷின் 'கீங்' என்றது. வரிசையில் நின்றவர்கள் ஒரு சத்தம் போட்டார்கள், திருவிழாவில் தேர் நகர்ந்ததுபோல.

அதே நொடியில் வெளியே இன்னொரு சத்தம். சொசைட்டிக்கு அடுத்த கம்பத்தின் உச்சியில், அறுந்த கம்பியை இழுத்துக் கட்டுவதற்காக ஏறியிருந்த சவுரிராயன், இடுப்புக் கயிற்றில் பின்னுக்குச் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தார். பைக்குள் மூன்று கட்டைகளும் 'டொக் டொக் டொக்' என்று அடித்துக்கொண்டன. எமன் அவரிடம் கேட்காமலே, வேறு வழியாக வந்துவிட்டிருந்தான்.

"ஜென்செட்டு!" என்று மட்டும் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

அம்சா பிளக்கைப் பிடுங்கினாள்.

அவர் இறங்கினார். தண்ணீர் ஓரத்தில், வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கொஞ்சநேரம் குந்தியிருந்தார். பிறகு எழுந்து சொசைட்டிக்குள் வந்தார். எல்லாரும் வழிவிட்டார்கள். பச்சைமுத்துதான் வாயைத் திறந்தார்.

"இன்னாய்யா ஆச்சி? கரண்டு அடிச்சிடுச்சா?"

"கட்டெறும்பு. கம்பத்து மேல கூடு கட்டிக்கினு இருக்குது."

சவுரிராயன் இடது கையால் மெயினை இறக்கினார். இரண்டு பக்கமும் பின் வைத்த வயரை எடுத்துப் பார்த்தார். கட்டிங் பிளேயரால் ஒரு பின்னை 'டக்'கென்று வெட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "செல்வகுமாரு, மிசின் வயர நேரா ஜென்செட்டுல சொருகு. செவுத்துப் பக்கம் போவாத. ஜல்தி. பால் கெட்டுடும்" என்றார். அம்சாவை அவர் பார்க்கவில்லை. அன்று நாற்பது வீட்டுப் பாலும் வேன் ஏறியது. கம்பத்துக்கு அவர் மறுபடி ஏறியதையும் அம்சா பார்த்தாள். அவர் இறங்கிவரும்வரை ஜென்செட் பக்கத்திலேயே, யாரும் நெருங்காதபடி நின்றாள்.

மூன்று நாள் கழித்து ஊருக்குக் கரண்ட் வந்தது. மறுநாள் காலை சவுரிராயன் டீக்கு வந்தார். அம்சா டம்ளரை நீட்டினாள். அவர் இடது கையை நீட்டினார். இடது புறங்கையால் தொட்டுப் பார்த்து, இடது கையாலேயே வாங்கிக்கொண்டார்.

பதினாறு வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. யாரும் அவளிடம் அப்படி வாங்கியதில்லை. இடது கையில் வாங்குவது என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த நாளும் இடது கைதான். அதற்கடுத்த நாளும். பேச்செல்லாம் பழையபடிதான். பஸ் போர்டைப் படித்தார். பச்சைமுத்துவைக் கிண்டல் செய்தார். ஆனால் டம்ளருக்கு மட்டும் இடது கை. கோபத்தை வாயால் காட்டாமல் கையால் காட்டுகிறார் என்று அவள் நினைத்தாள். காட்டட்டும், தனக்கு அது வேண்டும்தான் என்றும் நினைத்தாள். மன்னிப்புக் கேட்க நாலைந்து தடவை வாய்வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் யாராவது பால் ஊற்ற வந்துவிட்டார்கள்.

தை மாதம் அவரைத் திண்டிவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். பச்சைமுத்து பத்துப் பதினைந்து பேரிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்திருந்தார்: வாரக்கணக்கில் ஊரை இருட்டில் போட்டுவிட்டார் என்று. மனுதான் வேலை செய்தது என்று ஊர் சொன்னது. அம்சாவுக்கு மட்டும், அந்த ஊரில் டீ குடிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை என்று தோன்றியது.

இப்போது வருகிற லைன்மேன் சின்ன வயசு. ரப்பர் கையுறை போடுகிறான், போனில் படம் எடுத்து அனுப்புகிறான், நல்ல பிள்ளை. டம்ளரை நீட்டினால் லபக்கென்று உள்ளங்கையால் பிடித்துக்கொள்கிறான். ஒவ்வொரு முறையும் அம்சாவின் கை அந்த ஒரு நொடி காத்திருந்து ஏமாறுகிறது. சில காலைகளில் பால்கேன் மூடிகள் ஒன்றோடொன்று மோதும்போது, மிஷினை அணைக்க எழுந்துவிடுகிறாள். வேன் போனபின் வாசலில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், வளைவில் புழுதி தெரிந்ததும் எல்லாரும் எழுந்து, பஸ் கிட்டே வந்தபின் பாதிப்பேர் மறுபடி உட்காருகிறார்கள்.

இந்த ஆடியில் மிஷின் பழுதாகிவிட்டது. ரிப்பேர் செய்கிறவன் திண்டிவனத்தில் இருக்கிறான். அம்சா மிஷினைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். கொடுத்துவிட்டு, சரியானதும் வாங்கிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் மல்லாட்டை வறுக்கிற வண்டிப் பக்கம் நின்றபோது, "மிசின இன்னா, கொழந்தையாட்டம் வச்சிக்கினு நிக்கிற?" என்று பின்னால் ஒரு குரல்.

அதே காக்கிச் சட்டை. மேல்பொத்தான் போட்டிருந்தது. தோளில் பை இல்லை. பக்கத்தில் அவர் மனைவி லூர்துமேரி, காய்கறிக் கூடையோடு.

"இங்க ஸ்டோர்ல போட்டிருக்காங்க. கம்பி, கட்டை எண்ணி வைக்கிற வேல. ஏறி எறங்குறது இல்ல" என்றார்.

அம்சா விஷயத்துக்கு வந்துவிட்டாள். இனியும் யாராவது பால் ஊற்ற வந்துவிடுவார்களோ என்ற பயம்போல அவசரமாகச் சொன்னாள். "லைன்மேன், அன்னிக்கி பிளக்கு சொருகினது செல்வகுமாரு இல்ல. நாந்தான்."

"தெரியும். ஜென்செட்ட உட்டுட்டு அவன் உள்ள வரமாட்டான்."

"தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலியே நீங்க."

"கேட்டா? பச்சைமுத்து எழுதின மனுவுல உம் பேரும் சேர்ந்திருக்கும். சொசைட்டியில வேற ஆள வச்சிருப்பாங்க. அவன் சாம்பிள் பால்ல டீ போட்டுக் குடுப்பானா?"

லூர்துமேரி சிரித்தாள். அம்சாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் மூன்று டீ சொல்லி, தானே வாங்கிவந்து ஒன்றை அவரிடம் நீட்டினாள். சவுரிராயன் இடது கையை நீட்டினார். கண்ணாடி டம்ளரை இடது புறங்கை ஒரு நொடி தொட்டது. பிறகு இடது கையாலேயே வாங்கிக்கொண்டார்.

மூவரும் டீயைக் குடித்தார்கள். மேம்பாலத்துப் பக்கம், வெயிலில் ரோடு நீராக அலையடிக்கிற தூரத்தில், தீப்பெட்டி அளவில் ஏதோ ஒன்று திரும்பியது. சவுரிராயன் டம்ளரை இறக்காமலே சொன்னார்:

"விழுப்புரம். விக்கிரவாண்டி வழி. உன் வண்டிதான், மிசின புடிச்சிக்கோ. முன்பக்கம் ஏறாத, கூட்டமா கீது. பின்னால சன்னலோரம் ரெண்டு சீட்டு காலி."

பஸ் வந்து நின்றது. பின்பக்கம் இரண்டு சீட்டு காலியாக இருந்தது.

அம்சா ஏறி உட்கார்ந்தபின், சன்னலுக்கு வெளியே தனியாக வந்து நின்று லூர்துமேரி மற்றதைச் சொன்னாள். சவுரிராயனின் வலது புறங்கை, கம்பத்தில் தொங்கிய அந்த ஐந்தாம் நாளிலிருந்தே மரத்துப்போய்விட்டது. சூடு தெரிவதில்லை, ஊசி குத்தினாலும் தெரிவதில்லை. திண்டிவனத்துக்கு அவரை எந்த மனுவும் மாற்றவில்லை. தொட்டுப் பார்க்கத் தெரியாத கையோடு கம்பம் ஏறக் கூடாது என்று, தரைவேலை கேட்டு அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். கையைச் சொன்னால் எப்படி ஆனது என்று கேட்பார்கள். அதனால் அந்தத் தாளில், காரணம் என்று இருந்த இடத்தில் அவர் எழுதியது: 'தூரத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை.'